பதினொரு பேரும் ஒரு கொம்பும்

கம்ப்யூட்டர் திரையில் மூன்றாவது வார்னிங் விழுந்ததும் அழகையா பதறிப்போய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

"ஏன் நிப்பாட்டினீங்க?" போட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னாலிருந்து றமீஸா ஓடி வந்தாள்.

"மூணு வார்னிங் வந்திருச்சு தங்கச்சி."

"வந்தா என்ன? அது சும்மா சொல்றது. முந்நூறு வந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்."

"தோட்டத்துல மூணு வார்னிங் வந்தா ஆளு வெளிய. மூணாவது கடுதாசி கையில வாங்கிக்கிட்டுத்தான் நான் டவுனுக்கே வந்தேன்."

"யா அல்லாஹ்! இது தோட்டமா? ஒன்றரை மணித்தியாலம் கம்பைல் ஆன சாமான். இனி முதல்லருந்து ஓட்டணும்!"

சுவர்க் கடிகாரம் பத்து காட்டியது. நாலு மணிக்கு லிஸ்ட் பொலிசுக்குப் போக வேண்டும்.

அழகையா மறுபடியும் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மழை மாதிரி கொட்டத் தொடங்கின. இந்தத் தடவை வார்னிங் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் இருந்தது றமீஸாவின் கடை. டைப்பிங், போட்டோ கொப்பி, தொலைபேசி எல்லாம் ஒரே அறையில். தோளில் மூட்டை ஏற்ற முடியாமல் போன காலத்தில் அழகையா அங்கே கூட்டித் துடைக்கச் சேர்ந்தார். நாற்பது வயதுவரை கைநாட்டுத்தான். கீபோர்டைத் துடைக்கும்போது, இது என்ன, அது என்ன என்று கேட்டுக் கேட்டே எழுத்துப் படித்தவர். அதனால் மற்றவர்களுக்கு அகரத்தில் தொடங்கும் எழுத்து அவருக்கு மேல் வரிசையின் இடது மூலையில் தொடங்கும். இப்போது கடையில் தமிழ் டைப்பிங் முழுக்க அவர்தான்.

கடையின் கம்ப்யூட்டரில் இருந்தது இலவச மென்பொருள். றமீஸாவின் அண்ணன் ரவூப் நானா கொழும்பிலிருந்து வந்து போட்டுக் கொடுத்தது. அதன் உள்வேலை முழுவதையும் உலகத்துக்கே திறந்து வைத்திருந்தார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், தாமே கட்டிக்கொள்ளலாம். அந்தக் கட்டுவதற்குத்தான் கம்பைல் என்று பேர். அதில் ஒரே ஒரு கோளாறு. கொம்பு வைத்த எழுத்துகள் பிசகி விழும். செ, வே, கை என்று எதை அடித்தாலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கும்.

கல்யாணப் பத்திரிகையில் அப்படி விழுந்தால் திட்டு மட்டும்தான் கிடைக்கும். பொலிஸ் லிஸ்டில் விழுந்தால்?

மார்க்கெட்டுக்குப் பின்னால் வரிசை அறைகளாக இருந்த லயத்தில் முப்பத்திரண்டு பேர் குடியிருந்தார்கள். எல்லாரும் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வேலைக்கு வந்தவர்கள். யார் யார் இருக்கிறார்கள் என்று மாதா மாதம் பொலிசுக்கு லிஸ்ட் கொடுக்க வேண்டும். கையால் எழுதியது செல்லாது, டைப் அடித்ததுதான் வேண்டும் என்று கட்டளை. போன மாத லிஸ்ட் ஒரு கவரில் திரும்பி வந்தது. ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. பதினொரு பேரைச் சுற்றி மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம்.

செல்லச்சாமிக்கு வட்டம். வேலம்மாவுக்கு வட்டம். அழகையாவுக்கும் வட்டம்.

அதே கிழமை கலேவெலப் பக்கம் ஒரு கடையிலிருந்து இரண்டு பேரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று பேச்சு வந்தது. லயத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வட்டம் எதற்கு என்று ஸ்டேசனில் போய்க் கேட்கவும் ஆளில்லை. கேட்கிறவன் பேரைச் சுற்றி இரண்டாவது வட்டம் விழாது என்று யார் சொல்வது?

அழகையா அந்த லிஸ்டை இரண்டு நாள் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். வட்டம் விழுந்த பதினொரு பேரும் கொம்புக்காரர்கள். அடையாள அட்டையில் ஒரு பேர், லிஸ்டில் இன்னொரு பேர் மாதிரி விழுந்திருக்கிறது. பொய்ப் பேர் என்று நினைக்கிறார்கள். கொம்பை நேராக்கினால் பதினொரு பேரும் தப்பலாம்.

அப்படித்தான் அவர் அந்த மென்பொருளைச் சோதிப்பவர்களின் மின்னஞ்சல் குழுவில் எழுதிக் கேட்டார். அடியில் 'அழகையா, மாத்தளை' என்று போட்டார். மறுநாளே பதில் வந்தது. எழுதியவர் பேர் போடவில்லை. 'கொம்பு' என்று மட்டும் கையெழுத்து.

'மதிப்புக்குரிய அழகையா அவர்களே' என்று தொடங்கியது அந்தக் கடிதம். அழகையா அந்த முதல் வரியை மட்டும் நாலு தடவை வாசித்தார். பிறந்ததிலிருந்து அவரை யாரும் அவர்களே என்று கூப்பிட்டதில்லை.

'தங்கள் துயரம் எனக்கும் உண்டு. யான் வேறொரு மொழியின் எழுத்துகளை இதே மென்பொருளில் சோதித்து வருகிறேன். அம்மொழியிலும் கொம்பு முன்னே நிற்கும். அதுவும் இவ்வாறே விழுகின்றது. புதிய சோதனைப் பதிப்பில் இக்குறை தீரக்கூடும். அதனை மூலத்திலிருந்து தாங்களே கட்டி நிறுவுதல் வேண்டும்.'

"கட்டாயம் இந்தியாவுல பெரிய வாத்தியாராத்தான் இருக்கும்" என்றார் அழகையா. "எவ்வளவு சுத்தத் தமிழ் பாருங்க."

"வேற மொழின்னா மலையாளமாக்கும்" என்றாள் றமீஸா.

நேற்று வந்த கடைசிக் கடிதத்தில் கொம்பு இப்படி எழுதியிருந்தார்: 'பழையதை முற்றிலும் துடைத்துவிட்டுத் தொடங்கவும். அவசரம் வேண்டாம். பகலில் எனக்குப் பணி உண்டு. நான்கு மணிக்குப் பின்னரே ஓய்வு.'

கொம்பு சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் அழகையா கேட்கவில்லை.

"புது மண்வெட்டிக்குக் காம்பு நிக்குமான்னு பார்க்காம பழைய மண்வெட்டிய எறிவாங்களா தங்கச்சி? வாத்தியாருக்கு மண்வெட்டியைப் பத்தி என்ன தெரியும்? பழசு ஒரு பக்கம் கிடக்கட்டும். அது மேலயே புதுசைக் கட்டுவோம்."

அதுதான் பிழை. ஆனால் அப்போது அது தெரியவில்லை.

பதினொன்றே காலுக்குத் திரை நின்றது. கடைசி வரியில் எரர் என்று இருந்தது.

"இது வார்னிங் இல்லை" என்றார் அழகையா. "இது டிஸ்மிஸ்."

றமீஸா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். "என்னமோ ஒரு துணைச் சாமான் பழசா ஈக்காம். அதுலயும் புதுசு வேணுமாம்."

"அப்ப அதையும் எடுப்போம்."

எடுக்க வேண்டுமானால் தொலைபேசி வயர் வழியாகத்தான் எடுக்க வேண்டும். கடையில் இருந்ததோ ஒரே ஒரு லைன். வேலம்மா காலையிலிருந்து அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். பஸ் நிலையத்தில் அவித்த கடலை விற்கிற கிழவி. குவைத்திலிருந்து மகள் பதினொன்றரைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தாள்.

"வேலம்மாக்கா, கொஞ்ச நேரம் லைனைக் கம்ப்யூட்டருக்குக் குடுக்கணும்."

"எம் மக எடுப்பாளே!"

"உங்க பேரைச் சரி பண்ணத்தான் அக்கா."

கிழவி யோசித்தாள். "என் வட்டம் எவ்வளவு பெரிசு?"

"எல்லார் வட்டமும் ஒரே அளவுதான்."

"பொய் சொல்லாத. செல்லச்சாமி வட்டத்தை விட என் வட்டம் பெரிசுன்னு நம்ம லயத்துச் சந்திரகாந்தா சொன்னா. ரெண்டு சுத்து சுத்தியிருக்காம்." அவள் குரலில் பயம் பாதியும் பெருமை பாதியுமாக இருந்தது. "கடலை விக்கிறவளைப் பார்த்து இவ்வளவு பயப்படுறாங்களே, அவங்ககிட்ட துவக்கு இல்லையா?"

லைன் நாற்பது நிமிடம் கம்ப்யூட்டரிடம் இருந்தது. அதற்குள் குவைத் மகள் எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று முடிவு கட்டி, நாவுலையில் இருந்த தம்பிக்குச் சொல்லி, தம்பி லயத்துக் கடைக்குச் சொல்லி, வேலம்மாவைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி பன்னிரண்டரைக்கு வேலம்மாவிடமே வந்து சேர்ந்தது.

"ஐயோ, எப்ப பிடிச்சாங்க?" என்று அவளும் அழத் தொடங்கினாள்.

செய்தியைக் கேட்டுச் செல்லச்சாமி வந்துவிட்டார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், அழகையாவின் மச்சான். கையில் ஒரு ஷொப்பிங் பேக்.

"என்ன மச்சான் அது?"

"சாரம் ரெண்டு, சவர்க்காரம், துவாய், பிரஷ். பிடிச்சா அப்படியே ஏத்திருவாங்களாம். எடுத்துக்கிட்டு வர நேரம் குடுக்க மாட்டாங்களாம்." அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். "நீ வேலையைப் பாரு. நான் சும்மா ரெடியா இருக்கேன்."

"நாலு மணி வரைக்கும் பொறுங்க. பேரு சரியாயிரும்."

"பிரஷ் மட்டும் பழசு" என்றார் செல்லச்சாமி. "புதுசு வாங்கியிருக்கலாம்."

புதுத் துணைச் சாமானைப் பழையதன் மேலேயே ஏற்றினார் அழகையா. உடனே மெனுவில் இருந்த எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக மாறின. கோப்பைத் திறப்பது எது, அச்சடிப்பது எது என்று தெரியவில்லை. இருந்த இடத்தை நினைவில் வைத்து அழுத்த வேண்டியிருந்தது.

"என்னத்த செஞ்சி வெச்சீங்க?"

"வேலை நடக்கிற எடம் தங்கச்சி. கூரை மாத்தும்போது ஓடு எல்லாம் கீழதான் கிடக்கும்."

மறுபடியும் கம்பைல். ஒன்றரை மணிக்கு அழகையா கொம்புவுக்கு ஒரு கடிதம் தட்டினார்: 'ஐயா, எரர் மேல எரர். பதினொரு பேர் உசுரு இதுல இருக்கு.' பதில் வரவில்லை. பகலில் அவருக்குப் பணி.

இரண்டு மணி இருக்கும். வாசலில் வெளிச்சம் குறைந்தது.

அந்த ராலாமிதான். தெரு முனைச் சோதனைச்சாவடியில் மூன்று வருடமாக நிற்கிற பொலிஸ்காரர். ஒல்லி, கறுப்பு மீசை, தோளில் துவக்கு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. லிஸ்ட் வாங்குவதும் அவர்தான், கவரில் திருப்பி அனுப்புவதும் அவர்தான். அவர் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. சிங்களம்கூட அளந்துதான் வரும்.

செல்லச்சாமி எழுந்து நின்றார், பையோடு.

ராலாமி அவரைப் பார்க்கவில்லை. நேராகத் திரையைப் பார்த்தார். அழகையா மெதுவாக நகர்ந்து தன் முதுகால் திரையை மறைத்தார். ராலாமி பக்கவாட்டில் சாய்ந்தார். அழகையாவும் சாய்ந்தார். றமீஸா சட்டென்று சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றித் திரைக்கு முன்னால் நிறுத்தினாள், ஏதோ நாள் பார்க்கிற மாதிரி.

ராலாமி உள்ளே வந்து கலண்டரை இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்தார். குனிந்தார். திரையில் நின்ற ஆங்கில வரியை மெதுவாக, சத்தமாக வாசித்தார்.

"ஃபேட்டல்... டார்கெட்... கில்ட்."

செல்லச்சாமி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அழகையாவுக்கு அந்த மூன்று சொல்லுக்கும் அர்த்தம் தெரியும். கம்ப்யூட்டர் பாஷையில் அவை ஒன்றுமில்லாத சொற்கள். வேலை நின்றுபோச்சு என்று சொல்கிற விதம். ஆனால் ஒரு தமிழ் ஆள், ஒரு கறுப்புத் திரை, அதில் இலக்கு, அதில் கொலை. இதை எந்த மொழியில் விளக்குவது?

"அக்குரு சேர்" என்றார், தெரிந்த சிங்களத்தில். எழுத்து சேர். "அக்குரு! அக்குரு விதரய்!" வெறும் எழுத்துதான்!

ராலாமி தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்தார். திரையைப் பார்த்துப் பார்த்து எதையோ எழுதினார். இரண்டு வரி. கொப்பியை மூடினார்.

"ஹதரட்ட" என்றார். நாலு மணிக்கு.

போய்விட்டார்.

"எழுதிக்கிட்டுப் போறானே!" என்றார் செல்லச்சாமி. "எதை எழுதினான்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அழகையா, நீயும் ஒரு பை கட்டிரு. என் சவர்க்காரத்துல பாதி தாறேன்."

வேலம்மா அழுகையை நிறுத்திவிட்டு, மிச்சக் கடலையை எல்லாருக்கும் சும்மா பங்கு போட்டாள். அதைப் பார்த்ததும்தான் அழகையாவுக்கு நிலைமை உண்மையாகவே உறைத்தது. வேலம்மா ஆயுளில் ஒரு கடலை சும்மா கொடுத்தவளில்லை.

அழகையா இன்னொரு தடவை ஓட்டிவிட்ட கம்பைல் மூன்று இருபதுக்கு முடிந்தது. எரர் இல்லை. அழகையா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எங்கே இருந்தது என்று நினைத்து நினைத்துக் கட்டங்களை அழுத்தி, ஒக்டோபர் மாத லிஸ்டைத் திறந்தார்.

செல்லச்சாமியின் பேர் மேலே நின்றது. கொம்பு முன்னால், ச பின்னால், கம்பீரமாக.

"மச்சான்!" என்று கத்தினார். "உங்க கொம்பு நிக்குது!"

செல்லச்சாமி எட்டிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் கண் கலங்கியது. "நல்லா நிக்குதா?"

"சும்மா காளை மாட்டுக் கொம்பு மாதிரி!"

"கடைசியிலயும் பாருங்க" என்றாள் றமீஸா மெதுவாக.

அழகையா பேரின் கடைசிக்குப் போனார். சாமியின் சா இரண்டாகக் கிடந்தது. ச தனியாக, அதன் கால் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டில்.

கொம்பு நின்றுவிட்டது. கால் கழன்றுவிட்டது.

அவர் அவசரமாகக் கீழே இறங்கினார். இராமசாமி. போன மாதம் வட்டமே விழாத ஆள். இப்போது இரண்டு காலும் போய்விட்டது. நடராஜாவுக்கும் அதே கதி. சந்திரகாந்தா பாதி வழியில் உடைந்து கிடந்தாள். அழகையா விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனார். முப்பத்திரண்டு பேரில் முழுசாகத் தப்பியது ஒரே ஒருத்தி.

"புஷ்பவதி" என்றார். "புஷ்பவதிக்கு மட்டும்தான் கால் இல்லை."

"பதினொரு பேரைக் காப்பாத்தப் போயி" என்றாள் றமீஸா, "முழு லயத்தையும் மாட்டி வெச்சிட்டீங்க."

"இல்லை. பழசுக்குத் திரும்பிருவோம். பதினொண்ணே பரவாயில்லை."

"முதல்ல இதை ஒரு பிரதி அடிச்சு வெப்போம். கையில ஒண்ணாவது ஈக்கட்டும்."

பிரதி வந்தது. அதற்குப் பிறகு அழகையா புதியதை அகற்றச் சொன்னார். கம்ப்யூட்டர் அகற்றியது. எது புதியது, எது பழையது என்று அதற்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்ததால் இரண்டையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. லிஸ்டில் இப்போது பேரே இல்லை. முப்பத்திரண்டு வரியும் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"புஷ்பவதியும் போயிட்டாளா?" என்று கேட்டாள் வேலம்மா.

"போயிட்டா."

கடிகாரம் நாலு அடித்தது. வாசலில் சப்பாத்துச் சத்தம்.

ராலாமி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். இம்முறை துவக்கு இல்லை. கூட ஆளும் இல்லை. கையை நீட்டினார். அழகையாவிடம் கொடுக்க இருந்தது அந்த ஒரே பிரதிதான். கொடுத்தார். தாளின் ஒரு முனையை விடுவதற்கு அவருடைய விரல்களுக்கு மனம் வரவில்லை. ராலாமி மெல்ல இழுத்தெடுத்தார்.

சிவப்புப் பேனாவின் மூடி கழன்றது.

செல்லச்சாமிக்கு முதல் வட்டம். வேலம்மாவுக்கு வட்டம், இம்முறை ஒரு சுற்றுத்தான். இராமசாமிக்கு வட்டம். நடராஜாவுக்கு வட்டம். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பேராக, மேசை மேல் தாளை வைத்து, பிள்ளைகள் முட்டை வரைகிற மாதிரி கவனமாக வட்டம் போட்டார். உதட்டுக்குள் சிங்களத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். "எக்காய்... தெக்காய்... துணாய்..."

அழகையாவின் பேர் வந்தபோது பேனா ஒரு கணம் நின்றது. ராலாமி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வட்டம் போட்டார்.

செல்லச்சாமி பைக்குள் கையை விட்டுச் சவர்க்காரத்தை எடுத்தார். பல்லால் கடித்து இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அழகையாவின் கையில் வைத்தார்.

"திஸ் எக்காய்" என்று முடித்தார் ராலாமி. முப்பத்தொன்று.

பேனாவை மூடினார். தொப்பியை மேசையில் வைத்தார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, அழகையாவின் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். கட்டம் கட்டமாகக் கிடந்த திரையை ஒரு பெருமூச்சோடு பார்த்தார். பிறகு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, தமிழில் வாயைத் திறந்தார்.

"மதிப்புக்குரிய அழகையா அவர்களே, பதினொரு பிழை இப்போது முப்பத்தொன்றாகிவிட்டது, பழையதை முற்றிலும் துடைத்துவிட்டுத் தொடங்கவும் என்று யான் நேற்றே எழுதினேன் அல்லவா?"